ஆறாம் நம்பர் ஒயர்

இதில் வரும் நேரம் எதையும் நான் ஞாபகத்திலிருந்து எழுதவில்லை. மூன்று நாள் பதிவும் நிமிடம், நொடியோடு என் ரெக்கார்டரில் அப்படியே இருக்கிறது. அதைப் பார்த்துப் பார்த்துத்தான் எழுதுகிறேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். எனக்கு நடந்தது நடந்ததுதான்.

பேய் என்றால் எல்லோருக்கும் நள்ளிரவு, மழை, நாய் ஊளை. எனக்கு நடந்தது பட்டப்பகலில். மத்தியானம் இரண்டு மணிக்கு மேல், வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுக் கொட்டாவி விட்டபடி வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது.

என் தொழில் சவுண்ட் வேலை. பள்ளிக்கூடம், கடை, கூட்ட அரங்கம் என்று ஸ்பீக்கர் தொங்குகிற இடத்துக்கெல்லாம் ஏணியோடு போகிறவள். என் கணவர் லாரி ஓட்டுகிறார். திங்கட்கிழமை கிளம்பினால் சனிக்கிழமை இருட்டிய பிறகுதான் வீடு. என்னை அவர் 'ஒயரு' என்றுதான் கூப்பிடுவார். காதலித்த நாளிலிருந்தே அப்படித்தான். கேட்டால், "தொட்டா ஷாக் அடிக்குதுல்ல, வேற எப்படிக் கூப்பிடறது?" என்பார்.

அந்தக் காதல்தான் என் மாமனாருக்குப் பிடிக்கவில்லை. மாமா நாற்பது வருடம் கோர்ட்டில் டைப்பிஸ்டாக இருந்தவர். தன் மகன் அங்கே கறுப்புக் கோட்டுப் போட்டு நிற்பான் என்று நினைத்துக்கொண்டிருந்தார். மகன் லாரியில் ஏறினான். போதாததற்கு, ஏணியில் ஏறுகிற பெண்ணைக் கட்டிக்கொண்டான். ரிஜிஸ்தர் ஆபீஸ் வாசலுக்கு வந்து மாமா ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். "இனிமே உனக்கும் எனக்கும் பேச்சு கிடையாது." அவர் குரலை நான் கேட்டது அந்த ஒரு முறைதான். சொன்ன சொல் தவறாதவர். ஐந்து வருடம் பேசவே இல்லை. பிறகு பக்கவாதம் வந்தது. வலது பக்கமும் பேச்சும் போய்விட்டன.

என் கணவர் ஏழாவது படிக்கும்போதே அத்தை இறந்துவிட்டார். அதனால் மாமாவை எங்கள் வீட்டுக்குக் கூட்டி வர எவ்வளவோ முயன்றோம். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். கடைசியில் ஒரு முதியோர் இல்லத்தில் ஆறாம் நம்பர் அறையில் சேர்த்தோம். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் என் கணவர் போய் அவர் எதிரில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசுவார். டயர் வெடித்த கதை, வழியில் மயில் குறுக்கே வந்த கதை, கிளீனர் பையன் தூங்கி விழுந்த கதை. மாமா ஜன்னலையே பார்த்துக்கொண்டிருப்பார்.

திரும்பி வரும்போது பாதி வழியில் என் கணவர் சொல்வார்.

"திட்டினாக் கூடப் போதும் ஒயரு. பேச முடியலையா, இல்ல பேசப் பிடிக்கலையா... அதாவது தெரியணும்ல?"

அவர் தோளில் சாய்ந்துகொள்வேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

அந்த இல்லத்தின் மேனேஜர்தான் என்னை வேலைக்குக் கூப்பிட்டார். பின்பக்கம் புதிதாக ஒரு ஹால் கட்டியிருந்தார்கள். ஆபீஸ் அறையில் இருக்கும் பழைய ஆம்ப்ளிஃபயர் ஆறு அறைகளுக்கும் பாட்டும் அறிவிப்பும் அனுப்பும். ஒவ்வோர் அறைச் சுவரிலும் ஒரு ஸ்பீக்கர். அதே பாட்டு ஹாலிலும் கேட்க வேண்டும்.

சிக்கல் என்னவென்றால், ஹாலுக்கு வாங்கியவை தங்களுக்குள்ளேயே ஆம்ப்ளிஃபயர் உள்ள புது ரக ஸ்பீக்கர்கள். அவற்றுக்கு மெல்லிய சிக்னல்தான் ஆகும். பழைய ஆம்ப்ளிஃபயரிலிருந்து வருவதோ ஸ்பீக்கரையே அதிரவைக்கிற பலத்த சிக்னல். இதை அதில் நேராகச் சொருகுவது, தீயணைப்பு வண்டிக் குழாயில் வாய் வைத்துத் தண்ணீர் குடிக்கிற மாதிரி. அதனால் நடுவில் ஒரு சின்னப் பெட்டி போட்டுச் சிக்னலை அடக்கி அனுப்புவோம். லைன் கன்வெர்ட்டர் என்று பெயர். உள்ளங்கையில் அடங்கிவிடும்.

ஆறு அறைக்குப் போகும் ஒயர்களில் ஐந்தில் இரைச்சல். ஆறாம் நம்பர் ஒயர் மட்டும் சுத்தமாக இருந்தது. கன்வெர்ட்டரை அதில் சேர்த்தேன். மாமா அறை ஸ்பீக்கரை நான் தொடவில்லை, அதே ஒயரில் அதுவும் இருந்தது. எவ்வளவு அடக்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள, கன்வெர்ட்டரில் ரெக்கார்டரை மாட்டி நாள் முழுக்க ஓடவிடுவது என் பழக்கம். பாட்டு எங்கே உச்சத்துக்குப் போகிறது என்று பிறகு நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம்.

புதன்கிழமை அப்படித்தான் மாட்டினேன்.

இரண்டு மணியிலிருந்து நான்கு மணி வரை இல்லத்தில் ஓய்வு நேரம். கேட்டைப் பூட்டிவிடுவார்கள். பார்வையாளர் யாரும் வரக் கூடாது. மேனேஜர் வந்து ஆம்ப்ளிஃபயரை அணைத்தார். உள்ளே ஒயர்களை இணைக்கும் ரிலே சுவிட்ச் 'டிக்' என்று விடுபட்டது. பாட்டு நின்றது. நான் ரெக்கார்டரை நிறுத்த மறந்துவிட்டேன். அதன் வால்யூம் முழுக்கத் திறந்திருந்ததையும் கவனிக்கவில்லை.

மணி 2:14. தற்செயலாகத் திரும்பிப் பார்த்தேன்.

ரெக்கார்டரில் பச்சைக் கோடு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

ஆம்ப்ளிஃபயர் அணைந்திருக்கிறது. பிறகு எங்கிருந்து சிக்னல்? ஹெட்போனை மாட்டினேன்.

கட்... கட்... கட்...

மின்விசிறி. இறக்கையில் ஏதோ தட்டிக்கொண்டே சுற்றுகிற சத்தம். மாமா அறை மின்விசிறி அப்படித்தான் சத்தம் போடும். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தொழில் தெரிந்தவர்களுக்கு இது புரியும். ஸ்பீக்கர் பேசவும் செய்யும், கேட்கவும் செய்யும். மைக்குக்குள் இருக்கிற காந்தமும் கம்பிச் சுருளும்தான் அதற்குள்ளும் இருக்கின்றன. ஆம்ப்ளிஃபயர் வாயை மூடியதும், மாமா அறைச் சுவரில் இருந்த ஸ்பீக்கர் காதாக மாறிவிட்டது. அது கேட்பதெல்லாம் அதே ஒயர் வழியாக, கன்வெர்ட்டர் வழியாக, என்னிடம் வந்துகொண்டிருந்தது.

ஒட்டுக்கேட்பது தப்பு. உடனே கழற்றியிருக்க வேண்டும். ஆனால் மின்விசிறிக்குப் பின்னால் மாமாவின் மூச்சு கேட்டது. தூரத்தில், மெலிதாக. இத்தனை வருடமாக எங்களிடம் ஒரு சத்தமும் காட்டாத மனிதர். மூச்சையாவது கேட்போமே என்று உட்கார்ந்திருந்தேன்.

2:31.

"கிளம்பலாமா?"

ஒரு பெண் குரல். வயது சொல்ல முடியாத குரல். கோபமில்லை, அவசரமில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிறது என்பது போலக் கேட்டது.

அடுத்து ஓர் ஆண் குரல்.

"இரு. இப்பத்தானே வந்தே."

என் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவர் கீழே விழுந்தது. ரிஜிஸ்தர் ஆபீஸ் வாசலில் கேட்ட குரல். ஒரு முறை கேட்டாலும் மறக்கக் கூடிய குரலா அது?

ஓடினேன். வராந்தாவில் முப்பது அடி. கதவைத் தள்ளினேன்.

மாமா ஜன்னலோரம் நாற்காலியில் இருந்தார். போர்வை மடியில். வாய் ஒரு பக்கம் கோணி, மூடியிருந்தது. அறையில் வேறு யாரும் இல்லை.

"மாமா, யாரு வந்தாங்க?"

என்னைப் பார்த்தார். பதில் இல்லை. உதடு அசையவில்லை. நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன். நிச்சயமாக அசையவில்லை.

பின்னாலேயே சிஸ்டர் வந்தாள். சின்ன வயது நர்ஸ். வாயாடி.

"என்னக்கா, இப்படி ஓடி வர்றீங்க? மாடி இடிஞ்சு விழுந்துடுச்சோன்னு பயந்துட்டேன்."

"யாராவது வந்தாங்களா சிஸ்டர்?"

"கேட் பூட்டியிருக்கு. சாவி என் இடுப்புல." சொல்லிக்கொண்டே அறையைப் பார்த்தவள் நின்றாள். "இந்த நாற்காலிய நீங்க இழுத்துப் போட்டீங்களா?"

அப்போதுதான் கவனித்தேன். மாமாவுக்கு நேர் எதிரில், முழங்காலோடு முழங்கால் இடிக்கிற மாதிரி, இன்னொரு நாற்காலி.

"இல்லையே."

"சுவரோரமால்ல போட்டேன்... அப்போ தாத்தாதான் எழுந்து வந்து போட்டிருப்பார். போங்கக்கா!" சிரித்துக்கொண்டே அதை மறுபடி சுவரோரம் தள்ளினாள்.

ஆபீஸ் அறைக்குத் திரும்பி, பதிவைப் பின்னால் ஓட்டினேன்.

மின்விசிறி. "கிளம்பலாமா?" "இரு. இப்பத்தானே வந்தே." பிறகு வராந்தாவில் என் செருப்புச் சத்தம். கதவு. என் குரல். "மாமா, யாரு வந்தாங்க?"

நான் அந்த அறையில் நின்றுகொண்டிருந்த நேரம் அது. எதுவுமே கேட்காத நேரம்.

பதிவில் பதில் இருந்தது.

"உனக்குத் தெரியாதும்மா. போய் வேலையைப் பாரு."

மாமா குரல். தெளிவாக.

அடுத்து அந்தப் பெண்.

"இவதானா?"

"இவதான். ஏணி மேல ஏறுறவ."

"பயந்துட்டா போல."

"தெளிஞ்சிடுவா. தைரியக்காரி."

மாமா என்னைப் பற்றிச் சொன்ன முதல் நல்ல வார்த்தை. அதைக் கேட்டு எனக்கு வேர்த்துக் கொட்டியது.

அன்று சாயங்காலம் 6:40க்கு என் கணவருக்குப் போன் செய்தேன். ஏதோ ஊரில் லாரி வரிசையில் நின்றுகொண்டிருந்தார்.

"ரேடியோ ஏதாவது உன் ஒயர்ல மாட்டியிருக்கும். இதுக்கா இப்படி நடுங்கற?"

"கேட்டுட்டுச் சொல்லுங்க."

போனைப் பதிவின் பக்கத்தில் வைத்தேன். ஓடி முடிந்தது. அவர் லாரிக்குப் பின்னால் யாரோ ஹாரன் அடித்தார்கள். அவர் வண்டியை நகர்த்தவில்லை போலிருக்கிறது.

"இன்னொரு தடவை போடு."

போட்டேன்.

"அப்பாதான்" என்றார்.

"அந்தப் பொம்பளை? அத்தையா இருக்குமோ?"

"அம்மா குரல் எனக்கு மறக்குமா? அம்மா இல்ல. இது யாருன்னே தெரியல." லாரியை ஓரங்கட்டும் சத்தம் கேட்டது. "ஒயரு, அப்பா பேசறார். அவருக்குப் பேசப் பிடிக்கலன்னு இல்ல. பேசறார்! ஞாயித்துக்கிழமை நான் பேசறேன், நீ பதிவு பண்ணு. என்ன?"

யார் அந்தப் பெண் என்று நான் பயந்துகொண்டிருந்தேன். அவருக்கு அந்தப் பயமே இல்லை. அப்பா பேசுகிறார் என்பது மட்டும்தான் அவர் காதில் விழுந்திருந்தது.

வியாழக்கிழமை.

இரண்டு மணி. 'டிக்'. மேனேஜர் போனதும் ஹெட்போனை மாட்டினேன். வேலை முடிந்துவிட்டது, கன்வெர்ட்டரைச் சரிபார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று அவரிடம் பொய் சொல்லியிருந்தேன்.

கட்... கட்... கட்...

2:09.

"நாளைக்கு."

அவள்தான். நான் எழுந்திருக்கவில்லை. மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"ஞாயித்துக்கிழமை என் பையன் வருவான்."

"நாளைக்குன்னா நாளைக்குத்தான்."

"ரெண்டு நாள்தானே கேக்கறேன். அவன்கிட்ட ரெண்டு வார்த்தை சொல்லணும்."

"அஞ்சு வருஷம் இருந்துதே. அப்போ சொல்லியிருக்கலாமே?"

மின்விசிறி மட்டும் சுற்றியது. நான் நொடிகளை எண்ணினேன். பதினொன்று.

"சொல்லத் தெரியாம இருந்துட்டேன்" என்றார் மாமா.

2:12. ஹெட்போனைக் கழற்றி எறிந்துவிட்டு என் கணவரைக் கூப்பிட்டேன்.

"நாளைக்கே வாங்க."

"இன்னும் லோடு இறக்கலடி. அறுநூறு கிலோமீட்டர் தள்ளி நிக்கறேன்."

"இறக்கிட்டு வாங்க. இறக்காம வாங்க. எப்படியாவது வந்து சேருங்க."

நான் அப்படிப் பேசி அவர் கேட்டதில்லை. "என்னன்னு சொல்லு" என்றார். சொன்னேன். "விடியறதுக்குள்ள இறக்கிட்டு, நாலு மணிக்கெல்லாம் அங்க இருப்பேன்" என்றார். வேறு எதுவும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை.

காலை எட்டு மணிக்கே இல்லத்துக்குப் போய்விட்டேன். பதினொரு மணிக்கு டாக்டர் வந்தார். நான் வற்புறுத்தியதால் மாமாவை இரண்டு முறை பார்த்தார்.

"நாடி நல்லா இருக்கு, பிரஷர் நல்லா இருக்கு. உங்களுக்குத்தான்மா பிரஷர் பாக்கணும் போல."

மாமா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். மத்தியானம் கஞ்சியை நானே ஊட்டினேன். கிண்ணத்தில் கொஞ்சம்தான் மீதி. "மாமா, அவர் வந்துக்கிட்டே இருக்கார். நாலு மணி வரைக்கும்... நாலு மணி வரைக்கும் பொறுத்துக்குங்க" என்றேன். இடது கை மெதுவாக நகர்ந்து வந்து என் கையை ஒரு தரம் அழுத்தியது. சூடான கை. நன்றாக நினைவிருக்கிறது. சூடாகத்தான் இருந்தது.

இரண்டு மணிக்கு சிஸ்டர் வந்தாள்.

"ஓய்வு நேரம்க்கா. யாரும் உள்ள இருக்கக் கூடாது."

"இன்னிக்கு ஒரு நாள் மட்டும்..."

"மேனேஜர் என்னைத்தான் திட்டுவார். நான் எட்டிப் பாத்துக்கறேன், போங்க."

வாதாடியிருக்கலாம். தரையில் உட்கார்ந்து அடம் பிடித்திருக்கலாம். நான் அதைச் செய்யவில்லை. ஏன் தெரியுமா? ஹெட்போன் இருக்கிறதே என்று நினைத்தேன். இத்தனை வருடத் தொழில் எனக்குக் கற்றுக்கொடுத்த கெட்ட பழக்கம் அது. எதிரில் இருப்பதைவிட ஒயரில் வருவதை நம்புவது. மூச்சு கேட்டுக்கொண்டிருக்கும் வரை கவலையில்லை, நின்றால் முப்பது அடிதானே, ஓடிவிடலாம்.

'டிக்'.

கட்... கட்... கட்... நடுவில் மாமாவின் மூச்சு. தூரத்தில், மெலிதாக.

2:22. போன் அடித்தது. ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு எடுத்தேன். என் கணவர். வழியில் பின் டயர் பஞ்சராம். இன்னும் எழுபது கிலோமீட்டர் இருக்கிறதாம். நடு ரோட்டில் ஜாக்கி வைத்தபடியே பேசினார். பதறினார். ஸ்பேனர் கை நழுவி விழுகிற சத்தம் கேட்டது. நான்தான் அவரைத் தேற்றினேன். "காலையில டாக்டர் பாத்தாச்சு. கஞ்சி குடிச்சார். நீங்க மெதுவா வாங்க."

2:31. ஹெட்போனை மறுபடி மாட்டினேன்.

மூச்சு வந்துகொண்டிருந்தது. நிம்மதி.

கொஞ்சம் அருகில் கேட்டது. ஸ்பீக்கரில் வாயை வைத்தது போல. வால்யூம் நகர்ந்துவிட்டதோ என்று பார்த்தேன். நகரவில்லை. சரி, தலையைத் திருப்பிப் படுத்திருப்பார்.

நிமிடத்துக்குப் பதினாறு. மறுபடி எண்ணினேன். பதினாறு. அடுத்த நிமிடமும் பதினாறு. இருமல் இல்லை, பெருமூச்சு இல்லை. கடிகாரம் போல.

மூன்று மணிக்கு சிஸ்டர் ஆபீஸ் பக்கம் வந்தாள். "உங்க மாமா நல்லாத் தூங்கறார்" என்றாள்.

"ஆமா. கேக்குது" என்றேன்.

நான்கு மணிக்கு மேனேஜர் வந்தார். கை நேராக ஆம்ப்ளிஃபயர் சுவிட்சுக்குப் போனது. குறுக்கே நின்றேன்.

"அரை மணி நேரம் குடுங்க சார்."

"பாட்டுப் போடலன்னா அஞ்சாம் நம்பர் அம்மா என்னைத் தின்னுடுவாங்க. என்னம்மா பிரச்சினை?"

"இப்போ போட்டா எரிஞ்சிடும்."

"எது?"

"எல்லாம்."

இரண்டடி பின்னால் போய்விட்டார்.

4:18. என் கணவர் வந்தார். சட்டையெல்லாம் கிரீஸ். முகத்தில் மண். என் முகத்தைப் பார்த்தார். கேட்கவே பயந்து நின்றார்.

"இருக்கார். தூங்கறார். போங்க. எழுப்ப வேண்டாம், பக்கத்துல உக்காந்து பேசுங்க. பதில் வரலன்னு எழுந்து வந்துடாதீங்க. நான் இங்க கேட்டுக்கிட்டு இருக்கேன்."

போனார்.

4:21. ஹெட்போனில் கதவுச் சத்தம். நாற்காலி இழுபடும் சத்தம்.

"அப்பா... நான்தான்."

மூச்சு.

"லோடு இறக்கிட்டு நேரா வந்துட்டேம்பா. ஒயரு சொன்னா, நீங்க ஏதோ சொல்லணும்னு... எனக்குக் கேக்காது. பரவால்ல. சொல்லுங்க."

மூச்சு நின்றது.

பிறகு மாமா பேசினார்.

"என் மேலதான்டா தப்பு."

அந்தப் பக்கம் என் கணவர் எதுவும் காதில் விழாமல், தன் பாட்டுக்கு மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார்.

"வாய் இருந்தப்போ பேசாம இருந்துட்டேன். உன் பொண்டாட்டி நல்லவ. வண்டிய நிதானமா ஓட்டு."

அவ்வளவுதான். நான்கு வாக்கியம். வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். பயம் அந்த நேரத்தில் எங்கே போனதென்றே தெரியவில்லை. கடைசி வார்த்தைக்குப் பிறகு ரெக்கார்டரைப் பார்த்தேன். 4:24.

மின்விசிறி. என் கணவரின் அழுகை.

மூச்சு இல்லை.

ஓடினேன்.

என் கணவர் மாமாவின் கையைத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார்.

"கை ஏன் ஒயரு இவ்வளவு ஜில்லுன்னு இருக்கு?"

தொட்டேன். உடனே கையை எடுத்துக்கொண்டேன்.

டாக்டர் வரும்போது 4:50. கண்ணைத் திறந்து பார்த்தார். தாடையைத் தொட்டு அசைக்கப் பார்த்தார். அது அசையவில்லை.

"எப்போ கவனிச்சீங்க?"

"இப்பத்தான் டாக்டர். நாலு இருபத்துநாலுக்கு மூச்சு நின்னுச்சு. நான்... கேட்டேன்."

என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"இல்லம்மா. ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆகுது."

சான்றிதழில் மத்தியானம் இரண்டரை என்று எழுதினார்.

அந்தப் பதிவை அன்றே என் கணவருக்குப் போட்டுக் காட்டினேன். டாக்டர் சொன்ன நேரம் அவருக்கு ஒரு பொருட்டாகவே படவில்லை. "எனக்காகக் காத்திருந்தார் ஒயரு. போன பிறகும் காத்திருந்தார்" என்றார். அந்த நான்கு வாக்கியங்களையும் போனில் ஏற்றிக்கொண்டார். இப்போது தினமும் காலையில் வண்டியைக் கிளப்புவதற்கு முன் ஒரு தடவை கேட்கிறாராம். முன்னைப் போல ராத்திரியில் புரள்வதில்லை. வேகமாக ஓட்டுவதில்லை. வீட்டில் பாட்டுக்கூடப் பாடுகிறார். கல்யாணமான நாளிலிருந்து நான் பார்க்காத ஆள்.

அதனால்தான் மிச்சத்தை அவரிடம் சொல்லவில்லை. இனிமேலும் சொல்ல மாட்டேன். உங்களிடம் சொல்கிறேன்.

இரண்டு வாரம் கழித்து, ஒரு மத்தியானம், ரெக்கார்டரில் இடம் இல்லையென்று பழைய பதிவுகளை அழிக்க உட்கார்ந்தேன். வெள்ளிக்கிழமைப் பதிவு வந்தது. அப்போதுதான் உறைத்தது. 2:22 முதல் 2:31 வரை நான் போனில் இருந்தேன். ஹெட்போன் மேசையில் இருந்தது. ரெக்கார்டர் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

அந்த ஒன்பது நிமிடத்தை நான் கேட்கவே இல்லை.

கேட்டேன்.

2:24. "நேரமாச்சு."

"வந்துக்கிட்டு இருக்கான். நாலு மணிக்கு வந்துடுவான்."

"அதுவரைக்கும் நிக்க முடியாது."

"ரெண்டே வார்த்தை..."

"என்ன சொல்லணும்னு சொல்லு" என்றாள் அவள். "நான் இருந்து சொல்லிடறேன்."

மாமா சொன்னார். ஒவ்வொரு வாக்கியமாக, நிறுத்தி நிறுத்தி, எழுதிக்கொள்பவருக்குச் சொல்வது போல. என் மேலதான்டா தப்பு. வாய் இருந்தப்போ பேசாம இருந்துட்டேன். உன் பொண்டாட்டி நல்லவ. வண்டிய நிதானமா ஓட்டு.

2:27. கதவு திறந்தது. வராந்தாவில் காலடிச் சத்தம்.

ஒரே ஒரு ஆள். சீரான நடை. இரண்டு காலும் நன்றாக இருக்கிற ஆளின் நடை.

கதவு மூடியது.

பிறகு அறைக்குள் அவள் மட்டும்.

"என் மேலதான்டா தப்பு" என்றாள். அவள் குரலில்.

கட்... கட்... கட்...

"என் மேலதான்டா தப்பு." கொஞ்சம் கனத்த குரலில்.

இன்னொரு தடவை. இன்னும் கனத்து.

நான்காவது தடவை... மாமா குரலில்.

அதே குரலில் மெதுவாகச் சிரித்தாள்.

2:30. ஸ்பீக்கருக்கு மிக அருகில், மூச்சு ஆரம்பித்தது.

நிமிடத்துக்குப் பதினாறு.